மூன்றாம் நாள் வந்தது யார்?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை.

ஞாயிறு மலரில் ‘நலம்’ பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உஷாராணி ஒருநாள் கூப்பிட்டார். “குடிய நிறுத்துனா உடம்புல என்னென்ன நல்லது நடக்கும்னு பத்து பாயின்ட் கொடுங்க சார். தைப்பூசம் வருது, விரதக்காரங்க படிப்பாங்க” என்றார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு, தேடி வரும் வேலையைத் தட்டிக்கழிக்கும் கொழுப்பு ஏது? சரி என்றேன்.

ஒன்பது பாயின்ட் மளமளவென்று வந்துவிட்டது. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு குறையத் தொடங்கும். இரத்த அழுத்தம் இறங்கும். தூக்கம் முதலில் கெடும், பிறகு திருந்தும். முகத்தின் ஊதல் வடியும். நாக்குக்கு ருசி திரும்பும். இப்படி. பத்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன். நான் புரட்டிய மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஓரமாக ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நடுக்கமும் வலிப்பும் புத்திக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அதையே பத்தாவதாக எழுதிக் கொடுத்தேன்.

“இது நல்லது இல்லையே சார்” என்றார் உஷாராணி. “விரதம் இருக்கிறவங்கள பயமுறுத்துற மாதிரி இருக்கு லா. எடுத்துடுவோம்.”

எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ‘குடும்பத்தில் மகிழ்ச்சி பெருகும்’ என்று வந்தது. வெட்டப்பட்ட வரி என்னிடமே தங்கிவிட்டது. சாப்பிடும்போதும் எதிரே உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்து அனுப்பினால்தான் எனக்கு நிம்மதி என்று தோன்றியது. துறைமுக ஊரான கிள்ளானில் கட்டினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘சுகுமாறன் ஒரு குடிகாரன். அவன் தெருவில்’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவனை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துவிடுவீர்கள். சுகுமாறன் தெருவில் விழுந்ததே இல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பெட்டியைத் தூக்கி அலுங்காமல் அடுக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்ததும் இல்லை.

இரண்டாம் முயற்சி: ‘தைப்பூசத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. கிள்ளான் வானம்’

கிள்ளான் வானத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அது வழக்கம்போல மழைக்கு மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் முயற்சி: ‘லோகேஸ்வரிக்குப் புருஷனின் கை தெரியும்.’

இது நிற்கிறது. இவள் வழியாகவே போவோம்.

லோகேஸ்வரிக்குப் புருஷனின் கை தெரியும். காலையில் எழுந்ததும் அந்தக் கை நடுங்கும். டீக்கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும். பாதி டீயில் எழுந்து குளியலறைக்குப் போவான். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மலிவுச் சாராயமான சம்சு ஒரு புட்டி இருக்கும். ஒரு மடக்கு. வெளியே வரும்போது கை கல்லைப் போல நிற்கும். பிறகு வேலைக்குப் போவான். அவள் தெரியாதது போல இருப்பாள். அவளுக்குத் தெரியும் என்பது தெரியாதது போல அவன் இருப்பான். சண்டை போடாமல் இல்லை, போட்டுப் போட்டு ஓய்ந்துபோனாள். பாலர்கள் படிக்கும் தாடிகாவில் சமையல் வேலை அவளுக்கு. அங்கே யாராவது கேட்டால், “அவருக்கு பிரஷர், அதான் கண்ணு செவந்திருக்கு” என்று முடித்துவிடுவாள்.

கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். சுகுமாறன் சிரித்தான். “டாக்டர் சொல்லி எவன் விட்டான்? முருகன் சொன்னா விடுவேன்” என்றான். குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவன் கோயிலுக்குப் போய் விரதத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டு வந்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். வந்ததும் தொட்டிக்குப் பின்னால் இருந்த புட்டியைத் தானே எடுத்து, சாக்கடையில் கவிழ்த்தான். அன்றோடு ஒரு சொட்டுத் தொடவில்லை.

லோகேஸ்வரி சாமி மேடை முன்னால் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். அதை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓரத்து வரியை மறந்துவிடலாமா என்றுகூட ஒரு சபலம்.

3

முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. மஞ்சள் வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரதத்தின் களைப்பு என்று லோகேஸ்வரி நினைத்தாள். நீங்களும் நானும் அங்கே இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெஞ்சாரோமிலிருந்து அவனுடைய அக்கா தங்கமணி பாலும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் திருந்தினான் என்று கேட்டதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தாள். சுகுமாறன் சாமி மேடை முன்னால் நின்று தலையிலிருந்து கால்வரை ஆடிக்கொண்டிருந்தான். கண் விரிந்து நிலைகுத்தியிருந்தது. கை நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“லோகா! சாமி வந்துருச்சுடி! என் தம்பிக்கு சாமி வந்துருச்சு!”

மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவன் காலில் ஊற்றினாள். வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கையில் கொடுத்தாள். கைகூப்பி நின்று கேட்டாள்.

“யாருப்பா வந்திருக்கீங்க? சொல்லுங்கப்பா.”

“எறும்பு” என்றான் சுகுமாறன்.

“என்னப்பா?”

“எறும்புக்கா. நெஞ்செல்லாம் எறும்பு. தட்டிவிடு.”

தங்கமணி அசரவில்லை. “எறும்பா வந்திருக்காரு” என்று தரையில் விழுந்து கும்பிட்டாள்.

(முதல் வரைவில் இங்கே மயில் வைத்திருந்தேன். அவன் மயிலைப் பார்ப்பதாக எழுதியது பக்திக்கும் வசதி, கதைக்கும் வசதி. ஆனால் இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பூச்சி, எறும்பு, எலி என்றுதான் பார்க்கிறார்களாம். உடம்புக்குக் கதை கட்டத் தெரியாது. மயிலை விரட்டிவிட்டேன்.)

லோகேஸ்வரி கும்பிடவில்லை. அவள் புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கைதான் அது. டீக்கோப்பையைக் கடகடக்க வைக்கும் அதே காலை நடுக்கம், இப்போது உடம்பு முழுக்கப் பரவி நின்று ஆடுகிறது. வழக்கமாக அதை அடக்கும் ஒரு மடக்கு மூன்று நாளாக வரவில்லை. புட்டி சாக்கடைக்குப் போயிருக்காவிட்டால் இந்நேரம் அடங்கியிருக்கும். அப்படி நினைத்தவள் அவன் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தாள். அவளுக்கு அதன்மேல் ஆத்திரம் வந்தது. சாமி கயிற்றின்மேல் ஆத்திரம் வந்ததே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சுகுமாறன் விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது. பிறகு ஓய்ந்து கிடந்தான்.

“சாமி மலையேறிருச்சு” என்றாள் தங்கமணி மெதுவாக. “அப்படியே விடு, தொடாத. தானா எந்திரிப்பான்.”

லோகேஸ்வரி தொட்டாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, போனை எடுத்துக் கிராப் டாக்சி கூப்பிட்டாள்.

4

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. டாக்டர் இளம்பெண், நம்மவர்தான், தமிழ் கொஞ்சம் தடுக்கும். “அங்கிளுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா? தலையில அடி? சுகர் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “டிரிங்க் பண்ணுவாரா? லாஸ்ட் எப்போ?” என்றார்.

தங்கமணி முந்திக்கொண்டாள்.

“சிவ சிவா! விரதத்துல இருக்கான் டாக்டர். காப்பு கட்டியிருக்கான், பாருங்க. ஒரு சொட்டு தொடறதில்ல. வேணும்னா மோந்து பாருங்க.”

அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

[இங்கே ஒரு கட்டுரைப் பத்தி இருந்தது. ‘விரத காலம் என்பது நம் சமூகத்தில் ஒருவரின் பழைய கணக்கை’ என்று தொடங்கி நீளமாகப் போனது. சுருக்கிவிட்டேன். காப்புக் கட்டியவன் வீட்டில் மீன்சட்டி பரண் ஏறுவதுபோல, அவனுடைய குடியைப் பற்றிய பேச்சும் பரண் ஏறிவிடுகிறது. அதை இறக்கினால் தீட்டு. அவ்வளவுதான் விஷயம்.]

டாக்டர் குறித்துக்கொண்டார். குடிப்பழக்கம் இல்லை. சரி, தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், இரத்தம் எடுப்போம், காத்திருங்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஓரத்து வரியில் இருக்கிறது. ஆனால் நான் அந்த அறைக்குள் போய்ச் சொல்ல முடியாதே. அவள்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் பிரஷர் என்று சொல்லி மூடி வைத்ததை, நாத்தனார் முன்னால், தள்ளுவண்டிப் படுக்கையில் காப்போடு கிடக்கும் புருஷனின் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டும்.

“டாக்டர்” என்றாள் லோகேஸ்வரி. “தெனம் குடிப்பாரு. காலையிலேயே ஆரம்பிச்சிருவாரு. சம்சு. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குத் தெரியும். காப்பு கட்டுன அன்னிக்கு மொத்தமா நிறுத்திட்டாரு. இன்னிக்கு மூணாவது நாள்.”

“லோகா!” தங்கமணி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். “காப்பு கட்டுனவன எந்த வாயால இப்படிச் சொல்ற? மானத்த வாங்குறியே.”

“உசுரு போயிருச்சுன்னா காப்ப யாரு கையில கட்டுவீங்க அண்ணி?”

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நரம்பை அடக்க ஊசி, வைட்டமின் ஊசி, டிரிப்ஸ். கொஞ்சம் ஓய்ந்தபின் டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“தண்ணி மூளைய அமுக்கி வைக்கும் ஆன்டி. மூளை தாக்குப்பிடிக்க எதிர்ப்பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா தள்ளுது. அமுக்குனத திடீர்னு எடுத்துட்டா?”

கதவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒருவர் விலகினால் மற்றவர் குப்புற விழுவார். லோகேஸ்வரிக்குப் புரிந்தது.

“இன்னொண்ணு. திரும்பக் குடிச்சிட்டு, திரும்ப இதே மாதிரி நிறுத்துனா அடுத்த தடவ இன்னும் மோசமா வரலாம். நிறுத்தினது ரொம்ப நல்லது. நிறுத்தின விதம்தான் ஆபத்து. இனி குடிக்காம பாத்துக்கணும்.”

(அவனைச் சாகடித்து ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். உஷாராணியைப் பழிவாங்குவதற்காக எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டேன். சுகுமாறன் பிழைத்துக்கொண்டான்.)

5

இனி அந்த ஒன்பது பாயின்ட். அச்சில் செத்துக் கிடந்தவை வீட்டுக்குள் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டன.

முதலில் இனிப்பு கேட்டான். தினமும் சாராயத்துக்குப் பழகிய உடம்பு வேறு வழி தேடியது. வேலை முடிந்து வரும்போது பாசாரில் வாங்கிய தேங்காய்ப்பூப் பலகாரங்களை வண்டியில் உட்கார்ந்தே தின்று தீர்த்துவிட்டு வந்தான். பிறகு நாக்கு திரும்பியது. “என்ன லா, குழம்புல இவ்வளவு உப்பு?” என்றான். அவன் நாக்குக்குத் தெரிய வேண்டுமே என்று வருடக்கணக்கில் கூட்டிக் கூட்டிப் போட்ட உப்பு அது. லோகேஸ்வரி சிரித்துவிட்டாள். மறுநாள் பாதியாகக் குறைத்தாள்.

முகத்தின் ஊதல் வடிந்து உள்ளேயிருந்து வேறொருவன் வந்தான். கல்யாணப் படத்தில் இருப்பவனுக்கு அண்ணன் மாதிரி. எல்லாமே நல்லது என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். காரணமில்லாமல் கோபம் வந்தது, காரணமில்லாமல் அழுகையும் வந்தது. தூக்கம் பல வாரம் கழித்துத்தான் ஒழுங்காக வந்தது. ஆனால் டீக்கோப்பை தட்டில் சத்தம் போடவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பின்னால் வந்த லோகேஸ்வரி சாமியைப் பார்க்கவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டு ஏறினாள். பால் தளும்பவில்லை.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான்.

மூன்றாம் நாள் நடந்தது அவனுக்குச் சரியாக நினைவில்லை. அக்கா சொன்னதுதான் அவனுக்குத் தெரிந்தது. முருகன் வந்தார், அந்த வேகத்தை உடம்பு தாங்கவில்லை, அதனால் ஆஸ்பத்திரி. வார்டில் டாக்டர் விளக்கியபோது தலையாட்டினான், மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. வேலையிடத்தில் யாராவது குடிக்கக் கூப்பிட்டால், “சாமி வந்த உடம்புடா. இதுல அத ஊத்த முடியுமா?” என்பான். அவர்களும் பயபக்தியோடு விலகிவிடுவார்கள்.

லோகேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. மருந்து வேலை செய்யும்போது அது என்ன மருந்து என்று யார் கேட்பார்கள்? ஆனால் டாக்டரின் கடைசிச் சொல் அவளை விடவில்லை. ஆண்டு முழுக்கக் குடித்து, தைப்பூசத்துக்கு மட்டும் நிறுத்தி, முடிந்ததும் திரும்பத் தொடங்கும் ஆண்களை அவள் தெரு முழுக்கப் பார்த்திருக்கிறாள். இவனும் அப்படி ஆகிவிட்டால்? அடுத்த வருடம் காப்புக் கட்டி, உடம்பு நடுங்கத் தொடங்கியதும், சாமி வருகிறார் என்று ஆசையோடு காத்திருப்பான். பக்கத்தில் தங்கமணி மஞ்சள் தண்ணீரோடு நிற்பாள்.

6

இடும்பன் பூஜை.*

* தைப்பூசம் முடிந்து சில நாளில் விரதத்தை முடித்துவைக்கும் பூஜை. இடும்பன் காவல்காரர், அவருக்குச் சைவம் போதாது. சில வீடுகளில் கோழி, முட்டை, கருவாடு, சுருட்டு, கூடவே ஒரு புட்டியும் படையலில் ஏறும். பூஜை முடிந்ததும் அது பிரசாதம். எல்லா வீட்டிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தங்கமணி வீட்டில் இப்படித்தான்.

ஜெஞ்சாரோமில், மத்தியானத்துக்குச் சற்று முன். கூடத்தில் வாழையிலை விரித்தாயிற்று. இலையின் தலைமாட்டில் கறுப்பு பீர் புட்டி, பொட்டு வைத்து, பூச்சூடி நிற்கிறது. தங்கமணி கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. பால்குடம் எடுத்த தம்பிக்குத்தான் முதல் பிரசாதம் என்று வழக்கப்படி பூரிப்போடு வைத்திருக்கிறாள். “ஒரே ஒரு கிளாஸ்தானே லோகா. சாமி சாப்பிட்டது. வேணாம்னு சொல்லக் கூடாது” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

லோகேஸ்வரி சமையற்கட்டில் தனியாக இருந்தாள். சுகுமாறன் உள்ளே வந்து, கதவைச் சாத்தினான்.

“லோகா, டாக்டரம்மா உன்கிட்ட தனியா பேசுனாங்கல்ல?”

“ஆமாங்க.”

“நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்தப் புட்டியப் பாத்தேன். வாயில எச்சி ஊறுது. சாமி வந்த உடம்புக்கு எச்சி ஊறுமா?”

அவள் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள்.

“சொல்லு. அன்னிக்கு எனக்குள்ள வந்தது யாரு? அக்கா சொல்றது எனக்கு வேணாம். நீ சொன்னா நம்புவேன்.”

7

முடிவு, முதல் முயற்சி: “முருகன்தாங்க” என்கிறாள். அவன் முகம் மலர்கிறது. கூடத்துக்குப் போய், கிளாஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடிக்காமல் திருப்பிக் கொடுக்கிறான். எல்லோரும் மெய்சிலிர்க்கிறார்கள். இன்றைக்கு ஜெயித்தாயிற்று. என்றோ ஒருநாள் சறுக்கிக் குடித்துவிட்டு, அடுத்த தைப்பூசத்துக்கு அடியோடு நிறுத்துவான். மூன்றாம் நாள் வரும். அப்போது டாக்டரிடம் சொல்லவேண்டிய உண்மையை இவளே பொய்யாக்கி வைத்திருப்பாள்.

இரண்டாம் முயற்சி: “சாமி இல்லீங்க. சம்சு கேட்டு உங்க உடம்பு துடிச்சது” என்கிறாள். உண்மை. அவன் கதவைத் திறக்கிறான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன்னையும் பெரிதாக மதித்து ஒருவர் தேடி வந்தார் என்று நினைத்திருந்தான். அதுவும் இல்லையா? கூடத்துக்குப் போகிறான். அக்கா கிளாஸை நீட்டுகிறாள். பிறகு

பிறகு என்ன என்று எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் முயற்சி: “அன்னிக்கு வந்தது நான்தாங்க” என்கிறாள் லோகேஸ்வரி.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். ஒரு கையில் கரண்டியும், எதிரே உயிருக்கு உயிரான மனிதனும் நிற்கும்போது எந்தப் பெண்ணும் அப்படி வசனம் பேசமாட்டாள். அது கைத்தட்டலுக்கு ஆசைப்பட்ட என்னுடைய வசனம்.

நான்காவது ஒன்றும் முயன்றேன், இரண்டும் உண்மை என்று அவளைச் சொல்லவைக்க. மருந்து கொடுத்த டாக்டரும் முருகன்தான், நடுக்கமும் உடம்புதான் என்றெல்லாம். அவன் நம்பியிருக்கலாம். நம்பாமல், “மழுப்பாத” என்றும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை, அது எனக்கு வேதனையாகவும் இருக்கிறது. நான் எதை எழுதினாலும் அது தாளோடு போய்விடும். அவள் சொல்லப்போவதோடு அவளும் அவனும் நாளைக்கும் ஒரே வீட்டில் எழுந்திருக்க வேண்டும்.

ஆகையால் நான் வெளியே வந்துவிடுகிறேன். நீங்கள் உள்ளே போங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், என்ன சொல்வதென்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குழம்பு கொதிக்கிறது, அடுப்பைத் தணியுங்கள். அவன் கதவில் சாய்ந்து உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூடத்தில் தங்கமணி கற்பூரம் ஏற்றிவிட்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது அணைவதற்குள் சொல்லிவிடுங்கள்.